கியர் விழாத காலைகள்

டிசம்பர் 2, செவ்வாய்

இன்று அப்பாவிடம் சொல்லாதது: கியர் விழவில்லை என்பது.

"எப்படி மக்ளே இருந்துச்சு போக்கு?" என்று கேட்டார்.

"பனி ரொம்ப அழகா இருந்துச்சுப்பா" என்றேன்.

பொய் இல்லை. ஏற்றத்தில் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவளுக்குப் பனியைப் பார்க்க நிறைய அவகாசம் கிடைக்கும்.

பின்னால் நானே மறந்துபோவேன் என்பதால் நிலவரத்தை எழுதி வைக்கிறேன். குன்னூருக்கு மேலே தேன்கொரை கிளை நூலகத்தில் எனக்கு வேலை. காலை எட்டு முதல் பதினொன்று, மாலை நான்கு முதல் ஏழு. காலையில் முதல் பஸ் எட்டரைக்கு மேல்தான் வரும், அதுவும் மனசு வைத்தால். ஆகவே சைக்கிள். வீட்டுக்கார பிலோமினா ஆன்ட்டியின் மகன் வெளிநாடு போகும்போது கொட்டகையில் விட்டுப்போன பழைய கியர் சைக்கிள் அது. முதல்நாள் வெளியே எடுத்தபோதே கைப்பிடியில் இருக்கிற கியர் நெம்புகோல் இறுகிக் கிடந்தது. "நாளாச்சு இல்ல, எண்ணெ விட்டா சரியாயிடும் கண்ணு" என்றார் ஆன்ட்டி. அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா நாகர்கோவிலில் பஸ் டெப்போ நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, எனக்குக் காவலாக என்னோடு மலை ஏறி வந்தார். நான் கூப்பிடவில்லை. வந்த வாரமே ஒப்பந்தமும் போட்டார்.

"பொங்கல் வரைக்கும் பாக்கேன். நேரத்துக்குப் போயி நேரத்துக்கு வந்து, ஒரு புகார் இல்லாம நீ சமாளிச்சியாண்ணா நான் ஊருக்கு வண்டி ஏறுகேன். புகார் வந்துச்சுண்ணா நீ மாறுதலுக்கு எழுதிக் குடுக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். தனியாக ஒரு வீடு, ஒரு ஜன்னல், என் புத்தகங்கள். பதினெட்டு வயதிலிருந்து நான் விரும்புவது இவ்வளவுதான். இதற்கு நடுவே இப்போது ஒரு நெம்புகோல் நிற்கிறது. அது இறுகிக் கிடக்கிறது என்று சொன்னால் அப்பா அதையே முதல் புகாராக எடுத்துக்கொள்வார். ஆகவே சொல்லவில்லை.

டிசம்பர் 3

எட்டு பத்துக்குத் திறந்தேன். பெள்ளா கவுடரும் அவருடைய இரண்டு நண்பர்களும் பூட்டிய கதவின் முன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூன்று தபால் பெட்டிகள் போல நின்றிருந்தார்கள். மூவரும் ஓய்வு பெற்றவர்கள். செய்தித்தாளை முதலில் பிரிப்பது யார் என்பதில் தினமும் அவர்களுக்குள் போட்டி.

"என்னம்மா லைப்ரரியன், உங்க கடிகாரத்துக்குக் குளிருதா?" என்றார் கவுடர்.

"சாரிங்க அய்யா."

"ஒரு கார்டு எழுதிப் போட்டுடுவேன் பாத்துக்கங்க. ஊட்டியில நமக்கு ஆள் இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 4

பதினொரு மணிக்குப் பூட்டிவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிற ஜாகிரின் கடைக்குப் போனேன். ஜாகிர் சைக்கிள்களைப் பழுது பார்ப்பதைவிட அவற்றின் குணநலன்களைப் பற்றிப் பேசுவதில் ஆர்வம் உள்ளவர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பெடலைச் சுற்றினார். நெம்புகோலைத் தட்டினார். டக். டக். டக். ஒவ்வொரு கியரும் வரிசையில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகள் போல ஒழுங்காக விழுந்தது.

"என்ன மேடம் கம்ப்ளெயின்ட்டு?"

"விழவே இல்லைங்க. காலையில கட்டை விரல் வீங்கிடுச்சு."

விரலைக் காட்டினேன். ஜாகிர் அதை ஒரு உதிரிபாகத்தைப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தார்.

"வண்டில ஒண்ணும் இல்ல. விரல்லதான் பலம் இல்ல. ராத்திரி ரப்பர் பந்து ஒண்ணு வாங்கி அமுக்குங்க."

டிசம்பர் 5, வெள்ளி

விடுமுறை. ரப்பர் பந்து அமுக்கினேன்.

டிசம்பர் 6

விழவில்லை.

டிசம்பர் 9

மூன்று நாள் கவனித்ததில் ஒன்று தெளிவாகிறது. காலையில் நெம்புகோல் கல். மாலை நூலகத்துக்குக் கிளம்பும்போது, அதாவது மூன்றரை மணிக்கு, அதே நெம்புகோல் வெண்ணெய். சைக்கிள் ஒன்றுதான், சாலை ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். மாறுவது நான் மட்டுமே. காலையில் வேலைக்குப் போக எனக்குள் இருக்கிற தயக்கம் உடம்பு வழியாகக் கட்டை விரலுக்கு வருகிறதோ? மனம் ஒப்பாததைக் கை செய்யாது என்று எங்கோ படித்திருக்கிறேன். நம்பத்தகுந்த விளக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வேலைக்குப் போகத் தயக்கமே இல்லை என்பது இதில் சின்னக் குறை.

நூலகத்தின் கடைசி அலமாரியில் சைக்கிள் பழுது பார்ப்பது பற்றி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. என் பெயரிலேயே எடுத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு முன் போய்ச் சேர முடியாதவள் எட்டு மணிக்குப் பின் என்ன செய்கிறேன் என்றால், கவுடர் அரசியல் பக்கத்தில் இருக்கும்போது இன்னொரு தாளில் குறுக்கெழுத்தை பென்சிலால் முடிக்கிறேன். இன்று நெடுக்கில் ஒன்று மட்டும் வரவில்லை.

வீட்டுச் செய்திகள்: என் தேங்காய் எண்ணெய் பாட்டில் வேகமாகக் குறைகிறது. இந்த ஊரில் அது காலையில் உறைந்து கல்லாகிவிடும். சீப்பின் வாலால் குடைந்து எடுக்க வேண்டும். அதனால் பாட்டிலை அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் சமையல் சூட்டில் தண்ணீர் போல இருக்கும். அப்பாவின் தலை முழு வழுக்கை. எண்ணெயோடு அவருக்கு எந்த உறவும் இல்லை என்று நினைத்திருந்தேன். இந்த வயதில் முடி வளர்க்க முயற்சி செய்கிறார் போல. நான் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மனிதனுக்கு அந்தரங்கம் வேண்டும்.

டிசம்பர் 11

அம்மா போன் செய்தாள்.

"உங்க அப்பா என்ன செய்யாவ?"

"கர்னலுக்கு பிஸ்கட் போடக் கீழ போயிருக்காங்க."

"ஆரு கர்னலு? மிலிட்டரிக்காரனுக்கு இவிய எதுக்கு பிஸ்கட் குடுக்காவ?"

"வீட்டுக்கார ஆன்ட்டியோட நாய்ம்மா."

"உங்க அப்பாவுக்கு நாயைக் கண்டாலே ஆவாதுல்லா" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நான் நூலகத்திலிருந்து வந்து சைக்கிளைக் கொட்டகையில் விட்டதும், தினமும் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு இறங்கிப் போகிறார். திரும்பி வரும்போது கையைத் துடைத்துக்கொண்டே வருகிறார். தனிமை மனிதர்களை மாற்றும் என்பதற்கு இலக்கியத்தில் நிறைய சான்றுகள் உண்டு. அதில் யாரும் வழுக்கைத் தலைக்கு எண்ணெய் தேய்த்ததாக மட்டும் நான் படித்ததில்லை.

கர்னலுக்கும் ஏதோ ஆகியிருக்கிறது. காலையில் நான் போகும்போது என் சைக்கிளின் பின் சக்கரத்தை நக்கிக்கொண்டிருக்கிறது. உப்புச்சத்துக் குறைபாடாக இருக்கலாம்.

டிசம்பர் 13

இரண்டாம் சனி, நூலகம் விடுமுறை. ஜாகிரிடம் மறுபடி போனேன். சைக்கிளைக் காலையிலேயே கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று திட்டம். கடை பத்தரைக்குத்தான் திறந்தது. அதற்குள் வெயில் வந்து, சைக்கிளும் என்னைப் போலவே உட்கார்ந்து காய்ந்திருந்தது.

டக். டக். டக்.

"மேடம்" என்றார் ஜாகிர், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு. "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. காலையில இதுகிட்ட ஏதாச்சும் பேசறீங்களா?"

"சைக்கிள்கிட்டயா?"

"திட்டற மாதிரி ஏதாச்சும்?"

திட்டுகிறேன்தான். ஒப்புக்கொள்ளவில்லை.

"சில வண்டிக்கு ரோஷம் ஜாஸ்தி. எங்கிட்ட ஒரு டாக்டரோட வண்டி வரும். அவரு ஏறுனா பிரேக் பிடிக்காது, அவரு சம்சாரம் ஏறுனா பிடிக்கும்." பிறகு, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "சரி, கேபிளை மட்டும் புதுசா மாத்தித் தாரேன். திங்கக்கிழமை வந்து எடுத்துக்கங்க" என்றார்.

டிசம்பர் 16

விழுந்தது! காலை ஏழரைக்கு, கை விறைக்கிற குளிரில், முதல் தட்டிலேயே விழுந்தது. ஏற்றம் முழுவதும் உட்கார்ந்தபடியே மிதித்துப் போனேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டேன். தபால் பெட்டிகள் மூன்றும் அதன் பிறகுதான் வந்தன. கவுடர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். கம்பளிக்குள் இருக்கிறார். கர்னலுக்கு பிஸ்கட் போட இரண்டு நாளாக நான்தான் போகிறேன். அது பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையே பார்க்கிறது, வேறு ஏதோ வர வேண்டியது போல.

டிசம்பர் 17

இன்றும் விழுந்தது. சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தபோது அவரே கேட்டார்.

"வண்டி எப்படிப் போவுது மக்ளே?"

"சூப்பரா இருக்குப்பா. வெண்ணெ மாதிரி."

அப்பா முகத்தில் காய்ச்சலோடு ஒரு வெளிச்சம் வந்தது. "எல்லாம் கவனிப்புதான் கேட்டியா. மெஷினு எண்ணா புள்ள மாதிரி. ஒரு நாள் கவனிக்காம விடப்பிடாது" என்று சொல்லிக் கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். "டார்ச்ச எங்க வச்ச?"

"எங்கப்பா போறீங்க இந்தக் காய்ச்சல்ல?"

"நாய்க்கு பிஸ்கட் போடாண்டாமா? அதுக்கும் உசுருதானே."

என் அப்பாவுக்குள் இவ்வளவு கருணை இருந்தது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

டிசம்பர் 18

விழவில்லை.

டிசம்பர் 20

விழவில்லை. ஜாகிர் கேபிள் கம்பெனியைத் திட்டுகிறார். நான் சைக்கிளைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். அதற்கும் பலன் இல்லை.

டிசம்பர் 23

ஊட்டி மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வாசகர் ஒருவரின் புகாரை விசாரிக்க ஜனவரி 6 காலை எட்டு மணிக்கு ஆய்வாளர் நேரில் வருவார்.

கவுடர் கார்டு போட்டே விட்டார்.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது அப்பா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மக்ளே, சோறு எறங்கல?"

"ஒண்ணுமில்லப்பா."

"நான் வேணும்ணா காலையில கூட வந்து பொறத்தால இருந்து வண்டிய உந்தித் தரட்டா?"

"வேண்டாம்ப்பா. ஒப்பந்தத்துல அது இல்ல."

"ஓ, செரி செரி" என்றார். இருமிக்கொண்டே போய்க் குல்லாவை எடுத்தார். இந்தக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சீக்கிரம் ஊருக்குப் போனால்தான் அவருக்கு நல்லது. எனக்கும் அதுதான் நல்லது. நேற்று ராத்திரி அவர் இருமாமல் தூங்கியபோது நான் ஏன் எழுந்துபோய்ப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 1

நூலகம் விடுமுறை. அப்பா காலையிலேயே பிலோமினா ஆன்ட்டியோடு சர்ச்சுக்குப் போயிருந்தார், கேக் கொடுப்பார்கள் என்பதற்காக. நான் ஆங்கிலப் புத்தகத்தைக் கொட்டகையில் விரித்து வைத்துக்கொண்டு, குளிர் விடுவதற்கு முன்பே கேபிளைக் கழற்றினேன். என் வாழ்நாளில் முதல்முறையாக நானே திருகிய திருகாணி அது.

கறுப்புக் குழாய்க்குள்ளிருந்து கம்பியை உருவினால், முழுக்க வெள்ளையாக, மெழுகு போல ஒன்று அப்பிக்கொண்டு வந்தது. நல்ல பட்டறைகளில் வெண்ணிற கிரீஸ் பயன்படுத்துவார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஜாகிர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அவரைத் தவறாக எடைபோட்டுவிட்டேன் என்று வருந்தினேன்.

அப்போது கர்னல் வந்து என் விரல்களை நக்கியது. ஒரு விரல் விடாமல். கிரீஸ் விஷமாயிற்றே என்று பதறிக் கையை இழுத்து முகர்ந்து பார்த்தேன்.

அது என் தலை வாசனை.

கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாட்டில், டார்ச், பிஸ்கட், வெண்ணெய் போல என்று நான் சொன்னதும் எழுந்த வேகம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. இவ்வளவு புத்தகம் படித்தவள், நாய்க்கு முதல் வாரமே தெரிந்ததை ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மதியத்துக்குள் இன்னொன்றையும் யோசித்துவிட்டேன். வாழ்நாள் முழுதும் பஸ்களின் தாமதத்தைக் கவனித்த மனிதர். ஒரு வண்டியைத் தாமதமாக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியாதா? புகார் வந்தால் நான் மாறுதல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊருக்குத் திரும்ப வேண்டும். தினமும் சாயங்காலம் டார்ச் அடித்து, குனிந்து, பொறுமையாக என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்காக மடியில் கட்டிக் கேக் கொண்டு வந்தார். நான் தின்னவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

நேற்று எழுதியதை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.

விடுமுறை. இருட்டத் தொடங்கும்போது அப்பா குல்லாவை மாட்டிக்கொண்டு இறங்கினார். நான் கொஞ்சம் கழித்துப் பின்னாலேயே போய்க் கொட்டகையின் மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். கையும் களவுமாகப் பிடித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் என்று வாக்கியங்கள்கூடத் தயார் செய்திருந்தேன்.

அப்பா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் என் எண்ணெய் பாட்டில், இன்னொரு கையில் கோழி இறகு. இறகைத் தோய்த்து, கேபிள் நுழைகிற ஓட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு சொட்டு கர்னலின் மூக்கிலும் விட்டார். பிறகு டார்ச்சை எடுத்துவிட்டுப் பேசினார்.

"எடே கர்னலு, அவகிட்ட சொல்லிரப்பிடாது கேட்டியா. ஒப்பந்தத்துல இது கெடையாது." நாய் மூக்கை நக்கியது. "அவளே ஜெயிச்சான்னு இருக்கட்டு. எனக்க புள்ள ஜெயிச்சுப் போடுவா." அப்புறம் சைக்கிளின் சீட்டைத் தட்டினார். "சவமே, ஏத்தத்துல அவள எறக்கி விட்டிராத. வலிச்சு மேல கொண்டுபோயி விட்டுரு."

நான் தயார் செய்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. சத்தமில்லாமல் மாடிப்படி ஏறிவிட்டேன்.

கியர் விழவில்லை என்று முதல்நாளே சொல்லியிருந்தால், அவர் அடுத்த நாளே எண்ணெயை நிறுத்தியிருப்பார். சொல்லாததால் சரியாகிவிட்டது என்று நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கிறார். இப்போது சொன்னால்? டெப்போவில் ஒரு வண்டியைக்கூட தாமதிக்க விடாத மனிதரிடம், ஒரு மாதமாக என்னைத் தாமதப்படுத்தியவர் நீங்கள்தான் என்று சொல்ல வேண்டும்.

இன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார். "வண்டி செரியாத்தானே போவுது?"

"வெண்ணெ மாதிரிப்பா."

ஜனவரி 3

யோசித்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. குளிப்பதற்குப் போட்ட வெந்நீரில் ஒரு குடம் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். நெம்புகோலில் தொடங்கி, கேபிள் வழியாக, பின் சக்கரம் வரைக்கும் மெதுவாக ஊற்றினேன். ஆவி பறந்தது. கொட்டகை முழுவதும் எண்ணெய் தேய்த்துக் குளித்த வீட்டின் வாசனை.

பிலோமினா ஆன்ட்டி ஜன்னலைத் திறந்தார். "என்ன பகவதி, சைக்கிளைக் குளிப்பாட்டறியா?"

"ஆமா ஆன்ட்டி."

"இந்தக் குளிர்லயா?"

"வெந்நீர்தான் ஆன்ட்டி."

அவர் சற்று யோசித்துவிட்டு, "சோப்பு வேணுமா?" என்று கேட்டார்.

பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி நெம்புகோலைத் தட்டினேன். விழுந்தது. இருப்பதில் லேசான கியருக்கு மாற்றிவிட்டுக் கிளம்பினேன். வழியில் அது மறுபடி உறைந்தாலும் கவலை இல்லை, மேலே போய்ச் சேரும்வரை மாற்ற வேண்டியதே இல்லை. முந்தின ராத்திரியே மாற்றி வைத்துப் பயனில்லை, எண்ணெய் விடும்போது அப்பா நெம்புகோலைத் தட்டிப் பார்த்து வேறு கியரில் விட்டுவிடுவார்.

எட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே திறந்தேன்.

ஜனவரி 5

அப்பா சாயங்காலம் எண்ணெய் வைக்கிறார். நான் காலையில் வெந்நீர் ஊற்றுகிறேன். நீலகிரி மாவட்டத்தில் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஒரே சைக்கிள் எங்களுடையதாக இருக்கும். கர்னலின் உடம்பில் மினுமினுப்பு ஏறியிருக்கிறது.

இன்று வெந்நீர் குறைவாக இருந்ததால் நான் குளிக்கவில்லை.

ஜனவரி 6

ஏழே முக்காலுக்கு நூலகத்தில் இருந்தேன். பெருக்கினேன். அலமாரிகளைத் துடைத்தேன். எட்டு மணிக்குத் தபால் பெட்டிகள் வந்து வரிசையில் உட்கார்ந்தன. ஆய்வாளர் பத்தே காலுக்கு வந்தார். ஜீப் வழியில் நின்றுவிட்டதாம்.

"இங்க பெள்ளா கவுடர்ங்கறது யாரு?"

கவுடர் எழுந்து கம்பளியைச் சரிசெய்துகொண்டார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஆய்வாளர் கார்டைப் பார்த்து வாசித்தார். "தினசரி நான் பார்க்கும் முன்பே குறுக்கெழுத்துப் பகுதியை யாரோ பென்சிலால் பூர்த்தி செய்துவிடுகிறார்கள். மூத்த வாசகனான எனக்கு இது மிகுந்த மன உளைச்சல்." நிமிர்ந்தார். "இதுதானா புகார்?"

"ஆமாங்க சார். அதுவும் எல்லாம் சரியா போட்டு வைக்கிறான். தப்பா போட்டாலாவது நான் திருத்தலாம்."

"நேரத்துக்குத் திறக்கறாங்களா?"

"அதெல்லாம் டாண்ணு எட்டு மணிக்கு. மொதல்ல கொஞ்சம் முன்னப் பின்ன இருந்துச்சு, மலைக்குப் புதுசு இல்ல. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க."

ஆய்வாளர் என் பக்கம் திரும்பி, யார் அப்படிச் செய்வது என்று தெரியுமா என்று கேட்டார். கண்டுபிடித்துக் கண்டிக்கிறேன் என்றேன்.

ஜனவரி 15

பொங்கல். பிலோமினா ஆன்ட்டியின் அடுப்பில் அப்பா பொங்கல் வைத்தார். மலையில் பால் பொங்க வெகு நேரம் எடுத்துக்கொண்டது.

"ஜெயிச்சிட்டியே மக்ளே" என்றார். "நான் வாக்குக் குடுத்தவன். சனிக்கெழம ஏறுகேன்."

"சரிப்பா" என்றேன்.

அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன். பிறகு ஆன்ட்டி முந்திரி எங்கே என்று கேட்டார்.

ஜனவரி 17

அப்பாவை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஐந்து நிமிடம் தாமதம் என்று கண்டக்டரைக் கண்டித்தார். பிறகு பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"இனி இத உங்கிட்ட சொல்லிரலாம். ஒனக்க வண்டி எப்படி ஓடிச்சுண்ணு நெனைக்க?"

உள்ளே கோழி இறகும், சின்னக் குப்பியில் எண்ணெயும் இருந்தன.

"தெனமும் நான்தான் எண்ண விட்டேன். ஒனக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒருக்காவாவது விடு, என்னா? இல்லேண்ணா இறுகிப் போவும்."

"நான் கவனிக்கவே இல்லப்பா."

"நீ எங்க கவனிக்க? ஒனக்குப் புஸ்தவம் போரும்." அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்பும்வரை நேரம் இருந்தது. வண்டியைப் பற்றியோ, வேறு எதைப் பற்றியோ.

திரும்பும் வழியில் ஜாகிரிடம் கேபிளை மாற்றி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவச் சொன்னேன். நெம்புகோலை முகர்ந்து பார்த்த ஜாகிர், "உங்க ஊர்ல வண்டிக்கும் தலை பின்னி விடுவீங்களா மேடம்?" என்றார்.

பிப்ரவரி 1

எல்லாக் காலையும் கியர் விழுகிறது. ஏழே முக்காலுக்கு முன்பே போய்விடுகிறேன். அங்கே யாரும் இருப்பதில்லை. குறுக்கெழுத்தையும் தொடுவதில்லை.

வீடு நான் விரும்பியபடியே அமைதியாக இருக்கிறது. இரண்டு வாரத்தில் ஐந்து புத்தகம் படித்தேன். எதில் என்ன வந்தது என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

அம்மா போனில் சொன்னாள்: "உங்க அப்பா அங்கயிருந்து வந்ததுலேருந்து அண்ணன் வீட்டுக் கதவுக்கெல்லாம் எண்ண வைக்காவ. ஒரு கதவும் சத்தம் போடல. ஆரு வாரா ஆரு போறான்னு ஒண்ணும் தெரியல."

பிப்ரவரி 8

கர்னல் தினமும் சாயங்காலம் சைக்கிள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிஸ்கட் போட்டால் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. எனக்காக இல்லாவிட்டாலும், ஒரு வாயில்லா ஜீவனுக்காக ஏதாவது செய்ய வேண்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் கியர் விழவில்லை. எண்ணெய் எப்படி உள்ளே போயிற்று என்று தெரியவில்லை. கர்னல் பின் சக்கரத்தை உற்சாகமாக நக்கிக்கொண்டிருந்தது. கோழி இறகைக் கழுவி ஜன்னலில் காயவைத்திருக்கிறேன்.

எட்டேகாலுக்குத் திறந்தேன். கவுடர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செய்தித்தாளைப் பிரித்தார்.

பதினொரு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்து போன் செய்தேன்.

"அப்பா, கியர் விழல."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது.

"நான் அப்பமே சொன்னேன்லா? எண்ண விட்டியா நீ?"

"மறந்துட்டேம்ப்பா."

"மறப்ப. நீ மறப்பன்னு எனக்குத் தெரியும்." குரல் போனை விட்டு விலகி வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டது. "எடீ, எனக்க குல்லாவ எங்க வச்ச?"

பிப்ரவரி 12, வியாழன்

காலை பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்.